உரையை மூடி வைத்துப் படித்த பாட்டு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது. மஞ்சளுக்குக் களையெடுப்பு நடக்கிறது, ஆள்தான் கிடைப்பதில்லை.

பாப்பா சங்கப் பாட்டென்றாலே நோட்ஸைத் தேடுகிறாள், உரை இல்லாமல் ஒரு வரியும் புரியவில்லை என்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் திண்ணைக்கு ஊர்ப் பிள்ளைகள் சிலர் படிக்க வருகிறார்கள். போன வாரம் குறுந்தொகையில் 25ஆம் பாட்டைக் கொடுத்தேன். கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

யார், யாரிடம், எப்போது சொன்னது என்று பாட்டின் கீழே குறிப்பு இருக்குமல்லவா, அதையும் உரையையும் மறைத்துவிட்டேன்.

'தாள்' என்றதும் ஒருவன் காகிதம் என்றான். பக்கத்துச் சொல்லைப் பார் என்றேன். சிறு பசுங்கால். காலுக்குச் சொன்ன உவமை, அப்படியென்றால் ஒல்லியாகப் பச்சையாக இருக்க வேண்டும், சோளத்தட்டு மாதிரி தினைத்தட்டு என்று ஒரு பெண் பிடித்துவிட்டாள். ஆரலும் அப்படித்தான். குருகு என்றால் கொக்கு என்று மட்டும் சொன்னேன். ஓடுகிற தண்ணீரில் கொக்கு எதைப் பார்த்து நிற்கும்? மீன் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

சொல் விளங்கியதோடு பாட்டு விளங்கிவிடாது, மாப்பிள்ளை. யாரும் இல்லை என்று தொடங்குகிறவள் குருகும் உண்டு என்று ஏன் முடிக்கிறாள்? சேற்று வயலில் கொக்குகளைப் பார்த்து வளர்ந்த பையன் ஒருவன், "இரையைப் பார்த்துட்டா அது வேற எதையும் பார்க்காதுங்க" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'மணந்த ஞான்று' என்றால் அவன் அவளோடு கூடிய நாள், கல்யாண நாள் அல்ல. அன்றைக்கு இருந்த ஒரே சாட்சியும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய நிராதரவு முழுவதும் அதில் இருக்கிறது; அவள் அதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

கொக்கின் கால் நிறம் வரைக்கும் அவளுக்கு எப்படி ஞாபகம் என்று இன்னொருத்தி கேட்டாள். வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று பதிலும் அவளே சொன்னாள். வெட்கம் என்ற சொல் பாட்டில் இல்லை. ஆனாலும் அந்தக் கால்களின் விவரம் அப்படி நினைக்க இடம் தருகிறது, அதனால் ஒத்துக்கொண்டேன். "அவன் ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னதை மட்டும் விடவில்லை. பொய்த்தான் என்றா இருக்கிறது? பொய்ப்பின் என்றல்லவா இருக்கிறது! அவன் இன்னும் பொய்க்கவில்லை, பொய்த்தால் என்ன செய்வேன் என்ற பயம்தான் அவளுக்கு. நாம் ஊகிப்பதற்குப் பாட்டில் ஒரு சொல்லாவது பிடி கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் கறாராகத்தான் இருக்கிறேன்.

அப்புறம் குறிப்பைத் திறந்து காட்டினேன். திருமணம் தள்ளிப்போகிற நேரத்தில் தலைவி தோழியிடம் சொன்னது. சிலர் அம்மாவிடம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். "இதையெல்லாம் அம்மாகிட்டச் சொல்ல முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

உரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை உரை இல்லாமல் என்னால் முடியாது. ஆனால் அதை இரண்டாவதாகத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால், அந்தப் பையன் தன் வயல் கொக்கை இந்தப் பாட்டுக்குள் கொண்டு வந்திருக்கவே மாட்டான்.

தீபாவளி லீவுக்குத் தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அதற்குள் இந்த ஒரு பாட்டை மட்டும் உரையில்லாமல் படித்துவிட்டு, 'கள்வன்' என்று அவள் சொல்வது கோபத்திலா ஆசையிலா என்று பாப்பாவை எனக்கு எழுதச் சொல். இங்கே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் மச்சான்