முகலாய ஓவியங்களில் கொண்டதும் கொடுத்ததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகலாய அரசவை ஓவியர்கள் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வரைந்தவர்கள் என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பது வருத்தமளிக்கிறது. 1580-இல் பத்தேப்பூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைத் துறவிகள் படங்களுடன் கூடிய பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு அளித்ததும், அவரது ஓவியர்கள் ஐரோப்பிய அச்சுப் படங்களைப் படியெடுத்துப் பழகியதும் உண்மைதான். ஆனால், அப்படிக் கற்றதை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதல்லவா முக்கியம்?

ஜஹாங்கீரின் அவையில் பிசித்திர் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். மணற்கடிகாரத்தையே அரியணையாகக் கொண்டு அமர்ந்திருக்கும் பேரரசர், சூபி ஞானி ஒருவருக்கு நூலை அளிக்கிறார்; துருக்கிய சுல்தானும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் அந்த ஞானிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். ஜேம்ஸின் முகம் ஆங்கிலேய ஓவியம் ஒன்றைப் பின்பற்றியது. சிறகுள்ள குழந்தைகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தவையே. எனினும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது முகலாய அவை. அந்த வரிசையின் கடைசியில் ஓவியர் தம்மையும் வரைந்து வைத்திருக்கிறார்!

மறுபுறம், நெதர்லாந்தை விட்டு வெளியே சென்றிராத டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், 1650-களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ஆசியத் தாளில் வரைந்த கோட்டோவியங்களில் 20-க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. இதை நம் மாணவர்களுக்கு யாராவது சொல்கிறார்களா?

கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியாவுக்கெனத் தனிக் கூடமே இருக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்ல வேண்டும். தங்கள் ஞாயிறு பதிப்பும் இவ்வோவியங்களை வண்ணத்தில் வெளியிட்டு விளக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்