எங்கள் தொடக்கப் பள்ளியைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

மூன்றாம் பருவத் தேர்வு மதிப்பெண்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றி முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை நான். இந்த ஆண்டு எங்கள் ஐந்தாம் வகுப்பில் 14 பேர். எட்டுப் பேர் வீட்டில் தமிழ், நான்கு பேர் வீட்டில் இந்தி அல்லது போஜ்புரி, இரண்டு பேர் வீட்டில் ஒடியா. பதினான்கு பேருமே ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசித்து, கேட்ட கேள்விக்குச் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதுகிறார்கள். இதற்குக் காரணமான பலரைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி லைன் வீட்டு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க நாங்கள் பகலில் போனபோது பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெரியவர்கள் காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். "டீச்சர், ராத்திரி வாங்க, நான் கூட வர்றேன்" என்று சொன்னவர் அந்த அக்காதான். எந்த அறையில் எத்தனை பிள்ளைகள், யார் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிற்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறப்புச் சான்றும் டி.சி.யும் இல்லாததால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு தகப்பனார் இரண்டு ஆண்டுகளாக மகளை வீட்டிலேயே வைத்திருந்தார். வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசாணை இல்லை, கடைக்கார அக்காவின் அரைகுறை இந்திதான். அந்தப் பெண் வயதுக்கேற்ற வகுப்பாக நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். அப்போது தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அடுத்த நன்றி பீகாரிலிருந்து வந்து, எதிர்த்த கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஓர் அம்மாவுக்கு. பிள்ளைகள் அவரை தீதி (இந்தியில் அக்கா) என்று கூப்பிடுவார்கள், இப்போது நானும் அப்படித்தான். ஊரில் இரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வந்த ஒரு பையன் கரும்பலகையைக் காட்டி, "இது எந்த க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இந்தியில் க வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள். நம்மிடம் இருப்பது ஒரே க. பக்கம் என்றால் ஒரு ஒலி, பங்கு என்றால் வேறு ஒலி, பகல் என்றால் இன்னும் மெல்லிய ஒலி. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. தீதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தமிழ்ச் சொற்களுக்குக் கீழே இந்தி எழுத்தில் ஒலியை எழுதி ஒரு சார்ட் போட்டுக் கொடுத்தார். அந்தச் சார்ட் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது, ஓரங்கள் கிழிந்து.

கணக்கிலும் அவர்தான் என் கண்ணைத் திறந்தார். எண்களைச் சொல்லி எழுதச் சொன்னால், அதே பையன் 29-க்கு 39 என்று எழுதுவான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். நான் அவனைக் கணக்கில் அரும்பில், அதாவது முதல் நிலையில், வைத்திருந்தேன். இந்தியில் 29 என்பது 'உன்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு என்று அர்த்தம் என தீதி விளக்கினார். இருபது, முப்பது என்று நாம் சொல்வதை அவன் மனத்துக்குள் இந்திக்கு மாற்றி, ஒன்றைக் கூட்டிக் குறைத்துத் தடுமாறியிருக்கிறான். அவனுக்குக் கணக்கு நன்றாகவே வரும். பல வாரங்கள் அவனைத் தவறான இடத்தில் உட்கார வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். ஒடியாவில் ள ஒலி உண்டு, இந்தியில் கிடையாது. பள்ளி, வெள்ளி, புள்ளி என்று பீகார்ப் பிள்ளைகளுக்கு நாக்கை மடக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். நாங்கள் சொன்னபோது வராத ள இவர்கள் சொன்னபோது வந்தது.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. அருந்ததியர் காலனியிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் தாய், பனியன் கம்பெனியில் தையல்காரருக்கு உதவியாக நிற்கும் கைமடி வேலைக்குப் போகிறவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த கூட்டத்தில், "வடக்கத்திப் பிள்ளைகளைச் சேர்த்தால் நம்ம பிள்ளைங்க படிப்பு என்னாகிறது?" என்று சிலர் கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேன் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட, இங்கே மிச்சம் இருப்பவர்களுக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு இல்லை. தலைவி எழுந்து, "என் பொண்ணு உட்கார்ற பெஞ்சுக்கும் ஒரு காலத்துல இப்படித்தான் கணக்குப் பார்த்தாங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் அதே பெற்றோரில் இருவர் என்னோடு இரவு லைன் வீடுகளுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் என் நன்றி, மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே.

அவர்கள் பயந்ததற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. நாங்கள் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு திணறினோம். புதிதாகச் சேர்ந்தவர்களால் ஆகஸ்ட் 1 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது. மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கிடைத்தது, கலந்தாய்வில் ஓர் ஆசிரியர் வந்தார். நான்கு, ஐந்து வகுப்புகளுக்குத் தனி ஆள் கிடைத்ததும் முதலில் முன்னேறியது நம் ஊர்ப் பிள்ளைகளின் கணக்குதான். மூன்று பேருந்து மாறி, தன் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் அந்த ஆசிரியருக்கு நன்றி.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அம்மாக்களே, காலை உணவுத் திட்டம் இங்கே தொடங்கிய 2023 ஆகஸ்ட் 25-க்கு முன்னும் பின்னும் எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் உங்கள் உழைப்பு தெரியும். முன்பெல்லாம் முதல் பாடவேளையில் பாதி வகுப்பு பசியில் சுருண்டிருக்கும். இப்போது பொங்கல் போடும் புதன்கிழமை மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறார்கள். மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்ன இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கும், மாதக் கூட்டத்துக்குப் பெற்றோரை ஒரு மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் அனுப்பிய கம்பெனி சூப்பர்வைசர் அண்ணனுக்கும் நன்றி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போன பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பவில்லை. அவர்களுடைய நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் செல்பேசி எண் யாரிடமாவது இருந்தால் தீதியிடம் கொடுங்கள், அவர் பேசுவார்.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வேப்பமரத்தடியில் உங்களுக்காக வாசிக்கப் போகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அலுத்துத் தூங்குகிற நாள் என்று தெரியும். இருந்தாலும் வாங்க. டி.சி. இல்லாமல் வந்த அந்தப் பெண்தான் முதலில் வாசிக்கிறாள். முன் வரிசையில் அவள் அப்பாவுக்கும் கடைக்கார அக்காவுக்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.