எங்கள் பிள்ளைகளின் ஸ்பானிய வகுப்பு: இங்கிலாந்துவாழ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு ஸ்பானிய மொழியும் என் பொறுப்பு. அதற்கென்று தனி ஆசிரியர் எங்களிடம் இல்லை. முப்பத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போய் நான் கற்றுக்கொண்ட மொழி அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவள் என்பதால், தமிழ்ப் பெற்றோர் என்னிடம் மனந்திறந்து பேசுவார்கள். அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

சென்ற பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தை கேட்டார்: "டீச்சர், செவ்வாய்க்கிழமை அந்த அரை மணித்தியாலம் மகன் கணிதப் பயிற்சி செய்யட்டுமா? லெவன் பிளஸ் நுழைவுப் பரீட்சை நெருங்குகிறது. ஸ்பானிஷ் படித்து அவன் என்ன செய்யப்போகிறான்?" இரவு வேலை முடித்து, தூக்கம் கலையாத கண்களோடு வந்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்து வந்த தாய், "எங்களுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாதே, வீட்டில் எப்படி உதவுவது?" என்றார். மூன்றாவதாக வந்தவர்கள் சொன்னதுதான் என்னை இரவு முழுவதும் தூங்கவிடவில்லை: "ஆங்கிலம், ஸ்பானிஷ், தமிழ் மூன்றும் சேர்ந்தால் குழம்பிவிடுவாள் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டோம்."

இந்த மூவருக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். உங்கள் பிள்ளை ஸ்பானிய மொழிக்குள் நுழைவதற்கான மிக நல்ல வாசல் உங்கள் வீட்டுத் தமிழ். அதைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தின் வழியாக மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

'மே குஸ்தா' என்ற தொடரைப் படிப்பித்த நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் விருப்பத்தைச் சொல்லும்போது 'நான்' முதலில் வந்து நிற்கும், விரும்புகிறவர்தான் எழுவாய். அந்தப் பழக்கத்தில் ஆண்டுதோறும் பாதி வகுப்பாவது 'யோ குஸ்தோ' என்று சொல்லும். அது பிழை. ஸ்பானிய மொழியில் 'மே குஸ்தா எல் பான்' என்றால், பாண்தான் எழுவாய். 'மே' என்பது 'எனக்கு'. இதைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், வகுப்பில் ஒருநாளும் தமிழ் பேசாதவன், தமிழ் தெரியும் என்பதையே மறைத்து வந்தவன், தன்னையறியாமல் உரக்கச் சொன்னான்: "மிஸ், அது 'எனக்குப் பாண் பிடிக்கும்'!"

ஆம், அதேதான். 'நான் பிடிக்கும்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. பிடிக்கும், பசிக்கும், வலிக்கும் என்பவற்றுக்கு முன்னால் 'எனக்கு' என்று தொடங்க வேண்டும் என்பது அதன் நாவுக்கே தெரியும். அன்றே 'மே துவேலே லா கபேசா' என்பதையும் எழுதினேன். எனக்குத் தலை வலிக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழ். கையைப் பிடித்து, வயிற்றைப் பிடித்து, பல்லைப் பிடித்து அந்தப் பையன் மற்றவர்களுக்கு நோயாளியாக நடித்துக் காட்டினான். அடுத்த வாரமும் அவன்தான் முதலில் கையை உயர்த்தினான்.

இப்படி இன்னும் உண்டு. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாவிட்டாலும் பேசுவது யார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது புதுமை; உங்கள் பிள்ளைக்குச் சோற்றோடு ஊறிய பழக்கம். 'தூ' (நீ), 'உஸ்தெத்' (நீங்கள்) என்ற வேறுபாட்டை விளக்க எனக்கு முன்பு அரை வகுப்பு போய்விடும். தமிழ்ப் பிள்ளைகளிடம், "அம்மம்மாவை நீ என்று கூப்பிடுவாயா?" என்று கேட்டாலே போதும். இரண்டுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒன்று வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதில் கற்க என்ன இருக்கிறது?

ஒலியிலும் அப்படித்தான். ஸ்பானிய உயிரொலிகள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. அவை ஆங்கிலத்தில்போல இடத்துக்கு இடம் நிறம் மாறுவதில்லை. 'நீஞா' என்று சிறுமியைச் சொல்லும்போது வரும் ஒலி எங்கள் ஞகரம். ஆங்கிலப் பிள்ளைகள் சொல்லின் தொடக்கத்தில் மூச்சை ஊதிச் சொல்லும் மூன்று எழுத்துகளை எங்கள் ப, த, க போலச் சொன்னால் ஸ்பானியர் காதுக்கு இதமாக இருக்கும். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் 'கரை', 'கறை' என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு, ஓர் எழுத்தில் பொருள் மாறும் என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வருவது சொற்கள். இதை எழுதும்போது என் அம்மம்மாவின் வீடு கண்முன்னே நிற்கிறது. குசினியில் அடுப்பு, மேசையில் பாண், கொடியில் துவாய், வாசலில் சப்பாத்து, மூலையில் அலுமாரி. ஸ்பானிய மொழியில் குசினி 'கொசீனா', மேசை 'மேசா', பாண் 'பான்', துவாய் 'தோவாயா', சப்பாத்து 'சபாத்தோ', அலுமாரி 'அர்மாரியோ'. போர்த்துக்கேயர் எங்கள் நாவில் விட்டுச்சென்ற சொற்கள் இவை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள். யாழ்ப்பாண அரசு 1619இல் அவர்களிடம் வீழ்ந்தது, 1658 வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினின் முடியையும் போர்த்துக்கலின் முடியையும் அணிந்திருந்தது ஒரே அரச வம்சம் என்பதையும் நினைத்துப்பாருங்கள். கோயில்களை இடித்த அந்த ஆட்சியை நான் புகழவில்லை. அவர்கள் போனபின் தங்கிய சொற்கள் எங்களுடையவை ஆகிவிட்டன. அவற்றை எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தட்டும் என்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டிலும் மேசையும் அலமாரியும் உண்டு.

எல்லாமே சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஸ்பானிய மொழியில் மேசை பெண்பால், பாண் ஆண்பால். உயிரற்றவற்றை அஃறிணையில் வைத்துப் பழகிய எங்கள் பிள்ளைகள் இதில் தடுமாறுகிறார்கள். கறுப்புப் பூனை அங்கே 'கத்தோ நெக்ரோ', அதாவது பூனை முன்னே, கறுப்பு பின்னே. இவற்றில் தமிழ் கைகொடுக்காது, ஆங்கிலமும் கைகொடுக்காது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதுதான் வழி.

அதற்குப் பாடசாலை நேரம் போதாது. 2014 செப்டெம்பர் முதல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 7 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு பிறமொழி கட்டாயம். எந்த மொழி என்பதைப் பாடசாலை தீர்மானிக்கிறது; வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்பதைப் பாடத்திட்டம் வரையறுக்கவில்லை. எங்கள் பாடசாலையில் அரை மணித்தியாலம். ஆண்டுக்கு 190 பாடசாலை நாட்கள், அதாவது 38 வாரங்கள். ஒரு வாரமும் தவறாமல் நடந்தாலும் ஆண்டுக்கு 19 மணித்தியாலம், நான்கு ஆண்டுகளில் 76. மூன்று நாட்களுக்குச் சற்று அதிகம். நத்தார் நாடக ஒத்திகைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் முதலில் பலியாவதும் இந்த வகுப்புத்தான். அந்தத் தந்தை கேட்ட அரை மணித்தியாலத்தை நான் கொடுக்க மறுத்ததற்கு இதுதான் காரணம். அதிலும் எடுத்தால் மிச்சம் எதுவும் இல்லை.

"என்ன பயன்?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 20 நாடுகளின் ஆட்சிமொழி ஸ்பானியம். இந்த நாட்டின் ஏ லெவல் பரீட்சையில் 2019இல் அது பிரெஞ்சு மொழியை முந்தியது. வேலைவாய்ப்பு என்று நீங்கள் கேட்பதால் இவற்றைச் சொல்கிறேன். என் மனத்தில் இருப்பது, தமிழை மறைத்து வைத்திருந்த அந்தப் பையன் கையை உயர்த்திய கணம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்ட அந்தத் தாய்க்குச் சொல்கிறேன்: நீங்கள் ஆசிரியை ஆக வேண்டாம், மாணவி ஆகுங்கள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது 'ஊனோ, தோஸ், த்ரேஸ்' என்று பிள்ளை எண்ணட்டும், நீங்கள் பின்னால் சொல்லுங்கள். கடையில் தோடம்பழப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்; ஸ்பெயினிலிருந்து வந்ததாக இருந்தால் 'நரான்ஹா' என்று பிள்ளை வாசித்துக் காட்டும். எங்கள் 'நாரத்தை'க்கு அது உறவு என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஊரிலுள்ள அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது, பாணுக்கும் சப்பாத்துக்கும் ஸ்பானியச் சொல்லை அவருக்கும் பிள்ளை சொல்லட்டும். பத்து நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். தனி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு ஒரு சொல். இடைநிலைப் பாடசாலையைப் பார்க்கப் போகும்போது ஆய்வுகூடத்தையும் கணினி அறையையும் பார்க்கிறீர்கள். அங்கே எந்த மொழி கற்பிக்கிறார்கள், ஏற்கெனவே நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளையை எங்கிருந்து தொடங்குவார்கள் என்றும் கேளுங்கள். பலர் ஏழாம் ஆண்டில் மீண்டும் 'ஓலா' (வணக்கம்) என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தச் சலிப்பில் மொழியையே வெறுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தமிழை நிறுத்திவிட்ட அந்தத் தாய் தந்தையருக்கு: உங்கள் மகள் குழம்பவில்லை. வகுப்பில் அவளைப் பார்ப்பவள் நான். இன்றிரவு அவளோடு தமிழில் பேசுங்கள். அடுத்த சந்திப்பில் ஆசிரியரிடம் "எங்கள் வீட்டு மொழி தமிழ்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். என்னைப்போலன்றி, தமிழ் தெரியாத ஆசிரியரிடம் இன்னும் கட்டாயமாகச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. செவ்வாய்க்கிழமை இரவு சாப்பிடும்போது, "இன்று என்ன சொல் படித்தாய், எனக்கும் சொல்லித்தா" என்று கேளுங்கள். நீங்கள் பிழையாகச் சொன்னால் பிள்ளை திருத்தட்டும்.

அன்புடன்,
நான்காம் ஆண்டு ஆசிரியை ஒருத்தி,
இலண்டன்