பெற்றோர்களுக்கு: காலாண்டுச் செய்திகளும் கண்காட்சி குறித்த ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தேர்ச்சி விழுக்காடு திருப்தியாக இருக்கிறது. குறுவட்டப் போட்டிகளில் கோ-கோ அணி பரிசு வாங்கியது. பேச்சு, ஓவியம், கட்டுரை எனப் பலர் சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள். பழுதாகியிருந்த குடிநீர்த் தொட்டியும் சரியாகிவிட்டது.

அடுத்து, எட்டாம் வகுப்பின் சமூக அறிவியல் கண்காட்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பாளையக்காரர் பாடத்தை ஒட்டி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முற்றுகையை மாதிரியாகச் செய்து வரச் சொல்லியிருந்தோம். வீட்டில் கிடக்கும் பொருள்களே போதும், காசு செலவழிக்க வேண்டாம் என்று டைரியிலும் எழுதி அனுப்பினோம். ஆனால் வந்து சேர்ந்தவற்றில் பாதிக்குமேல் கடையில் சொல்லிச் செய்தவை. தெர்மாகோல் சுவர், ஜிகினா, சீரியல் லைட் என எல்லாம் ஒரே அச்சு. ஒன்றின் அடியில் 1,200 ரூபாய் என்ற விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. இன்னொன்றில் கோட்டை வாசலில் பச்சை நிற பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறது. டேங்க் முதன்முதலில் போர்க்களத்துக்கு வந்தது 1916இல். கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது 1799இல். இதைச் சொன்னபோது அந்த மாணவரும் சேர்ந்து சிரித்தார். அவர் செய்யாத தவறு அது, அவருக்கு ஏன் வலிக்கப்போகிறது?

1801 முற்றுகையில் இருந்த கும்பினி அதிகாரி ஒருவர் அந்தக் கோட்டையின் அளவை எழுதி வைத்திருக்கிறார். நீளம் ஏறக்குறைய 500 அடி, அகலம் 300 அடி, சுவரின் உயரம் சுமார் 12 அடி, முழுக்க மண். 300 அடிக்கு 1 அடி என்று கணக்கு வைத்தால் மாதிரியின் அகலம் 1 அடி, நீளம் 20 அங்குலம். சுவர் அரை அங்குலம்கூட வராது. மனிதன் ஒரு பொன்னி அரிசி நீளம்தான் இருப்பான். கடைக்கோட்டைகளின் அகலமும் ஏறக்குறைய ஓர் அடிதான். ஆனால் சுவர் அரை அடி. அதாவது 150 அடி மதில்! அப்படி ஒரு மதில் இருந்திருந்தால் கும்பினியார் அண்ணாந்து பார்த்துவிட்டே திரும்பியிருப்பார்கள். (1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையின் படத்தைப் பார்த்துச் செய்த பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை.)

தாழ்வான அந்த மண் சுவர்தான் பாடமே. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். 1801 மார்ச் 31 அன்று சுவரில் பிளவு விழுந்த பிறகும் கும்பினிப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை. உள்ளே நீண்ட ஈட்டிகளோடு ஆள்கள் நின்றார்கள். கோட்டை விழுந்தது மே 24இல்தான். அதுவும் பழைய கோட்டை இல்லை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அந்தப் பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், 1799 போருக்குப் பிறகு கும்பினியார் இடித்துப்போட்டிருந்ததைச் சில நாள்களில் மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பினார்கள். அதன் மாதிரியை நாம் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

ஒரு மாணவி கரிசல் மண்ணில் செய்திருந்தார். கரிசல் காய்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுவர் முழுக்க வெடிப்பு. அதை இடித்துவிட்டு, ஆற்று மணலும் பொடியாக நறுக்கிய தேங்காய் நாரும் கலந்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்திருக்கிறார். அட்டை ஈரத்தில் வளையுமென்று இரண்டு அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மைதாப் பசையில் ஒட்டியிருக்கிறார். சுற்றிலும் முள்வேலிக்கு நார்ப்பிசிறு, தரைக்குக் காயவைத்த டீத்தூள், பீரங்கிக்குத் தீர்ந்துபோன ரீஃபிலில் ஒரு துண்டு. மொத்தச் செலவு மைதாவுக்கு மட்டும். அதைப் பளபளக்கும் கோட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சப்பட்டு பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்கு மனத்தாங்கல் அதில்தான்.

உங்கள் நிலைமை எங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆலையிலும் மில்லிலும் வேலை முடித்து வீட்டுக்கு வந்த பிறகு, "நாளைக்குப் பிராஜெக்ட்" என்று பிள்ளை இரவு ஒன்பது மணிக்குச் சொன்னால் யாருக்கும் கடைதான் நினைவுக்கு வரும். பிள்ளையின் மதிப்பெண் குறையக் கூடாது என்ற அக்கறையில் செய்கிறீர்கள். அதனால்தான் இனி மாதிரிகளைப் பள்ளியிலேயே, வெள்ளிக்கிழமை பிற்பகல் கைவேலை நேரத்தில் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறோம். அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், ஈர்க்குச்சி, முட்டை அட்டை, தேங்காய் நார் ஆகியவற்றை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் செய்து வாங்கியது என்று தெரிந்தால் அதற்குக் கண்காட்சியில் இடம் கிடையாது. வளரறி மதிப்பீட்டில் மதிப்பெண்ணும் கிடையாது. பெற்றோரே முழுக்கச் செய்து கொடுத்ததற்கும் இதேதான். இதற்காக யாரும் சிபாரிசுடன் வர வேண்டாம். ஏற்கெனவே கடை மாதிரி கொண்டுவந்த பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து புதிதாகச் செய்யட்டும்.

குளத்து மண் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கிய கொத்தனார் அண்ணாச்சிக்கும், கழிவுத் தீக்குச்சிகளைச் சேர்த்துக் கொடுத்தனுப்பிய தாய்மார்களுக்கும், பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கொடுத்த மளிகைக்கடைக்காரருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. கண்காட்சி நாள் டைரியில் வரும். அன்று அவசியம் வந்து, பிள்ளைகளிடம் கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: படைவீரர்களாக ஒட்டிய அரிசியை எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது. மாதிரிகளை வகுப்பறையில் விடாமல், ஆய்வக மேசைமேல் வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பவும்.