திரையில் பேசும் தமிழும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளையும் புலம்பெயர்ந்த குடும்பங்களையும் பற்றி இலங்கையின் கிழக்கு மாகாண இளைஞர்கள் படமெடுக்க வேண்டும். தன்பாலீர்ப்புள்ள தமிழ்ச் சிறுவனைப் பற்றிய ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தீபா மேத்தா 2020இல் ‘ஃபனி போய்’ எனப் படமாக்கியபோது, தமிழ்ப் பாத்திரங்கள் பேசிய தமிழே கடும் விமர்சனத்துக்குள்ளானது. வேறொருவர் பின்னர் குரல் கொடுக்கும் பின்குரல் (டப்பிங்) இதற்கு மருந்தாகாது. உதடும் மூச்சும் பழைய உச்சரிப்பிலேயே நிற்கும். நடிகர் தேர்விலேயே பேச்சைக் கேளுங்கள். மட்டக்களப்புத் தாய்க்கு யாழ்ப்பாணப் பேச்சு ஒட்டாது. ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளை தாயோடு தமிழும் தங்கையோடு ஆங்கிலமும் பேசும், ஒரே வசனத்துக்குள்ளும் மாறும். அந்த மாற்றத்தைப் படப்பிடிப்புத் தளத்துக்கு விடாமல் வசனத்தாளிலேயே எழுதுங்கள். துணைத்தலைப்பு இரண்டு வரியைத் தாண்டினால் பார்ப்பவர் முகங்களைத் தவறவிடுவார். தமிழில் சுருக்கித்தான் எழுதவேண்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று. தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை; அடையாளம் தெரிந்தால் பிள்ளைக்கு ஆபத்து. உண்மைச் சம்பவத்தைத் தழுவினால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. பாடசாலைச் சீருடை, வீட்டு முகப்பு, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கல்லடியிலோ கல்முனையிலோ இவற்றில் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சம்பந்தப்பட்டவருக்கு இறுதிப் பிரதியைக் காட்டி, அவர் வேண்டாமென்ற காட்சியை வெட்டிய பின்னரே திரையிடுங்கள்.

திரைப்பட ஆர்வலர்கள்,
மட்டக்களப்பு.