கிளஸ்டரோட கீயை யூசர் லேப்டாப்புல போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல ஆராய்ச்சிக்கான கம்ப்யூட்டர் கிளஸ்டர் (நிறைய கம்ப்யூட்டர ஒண்ணா கோத்து வேலை வாங்கற அமைப்பு) பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். எத்தன கோர், எத்தன ஜிபியு, சூட்டை எப்படி வெளியேத்தறாங்கன்னு எல்லாமே நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா பாதுகாப்புன்னு வந்தப்போ ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு இருக்கு அதனால பயமில்லன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அந்த வரி தப்புங்க. பல வருஷமா கிளஸ்டர் பாத்துக்கற சிஸ்டம் அட்மின் நான், இது தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருக்க மனசு வரல, அதான் இந்த லெட்டர்.

கிளஸ்டர்ல இருக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு, பாஸ்வேர்டு நீங்க முதல்ல நுழையற லாகின் நோடோட வாசல்ல மட்டும்தான் கேக்கும். உள்ள வந்ததுக்கப்புறம் நீங்க ஜாப் (ஓட்ட வேண்டிய ப்ரோக்ராம்) போடறது ஷெட்யூலர்கிட்ட, அதாவது எந்த ஜாப எந்த நோடுல எப்போ ஓட்டணும்னு முடிவு பண்ற சாஃப்ட்வேர்கிட்ட, அது ஸ்லர்ம்னோ பிபிஎஸ்னோ ஹெச்டிகாண்டர்னோ எதுவா வேணா இருக்கட்டும். ஸ்லர்ம்ல ஒவ்வொரு கம்ப்யூட் நோடுலயும் ஒரு டீமன் (பின்னணில ஓடற ப்ரோக்ராம்) ரூட்டா, அதாவது மெஷின்ல எல்லா அதிகாரமும் உள்ள யூசரா ஓடிக்கிட்டு இருக்கும், ஸ்லர்மோட மைய கன்ட்ரோலர் அதுகிட்ட இந்த ஜாப இந்த யூஐடி (யூசரோட நம்பர்) பேர்ல ஓட்டுன்னு சொல்லும், அது ரூட் அதிகாரத்தோட அந்த யூசரா மாறி ஓட்டும். அந்த இடத்துல பாஸ்வேர்டு கேள்வியே கிடையாது. ரெக்வெஸ்ட் அனுப்பினது யாருன்னு ஷெட்யூலர் எத வெச்சு நம்புது, அதுலதான் எல்லாமே இருக்கு.

ஸ்லர்ம்ல அதுக்கு ரொம்ப காலமா இருக்கறது மன்ஜ்னு ஒரு சின்ன சர்வீஸ். நீங்க ஜாப் போடும்போது உங்க மெஷின்ல இருக்கற மன்ஜ் டீமன், கெர்னல்கிட்ட (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) கேட்டு உங்க யூஐடி, ஜிஐடி (குரூப் நம்பர்) என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, அத ஒரு சீட்டு மாதிரி எழுதி ஒரு ரகசிய கீ வெச்சு என்கிரிப்ட் பண்ணி (பூட்டி) கொடுக்கும். அந்தப் பக்கம் இருக்கற மன்ஜ் அதே கீய வெச்சு பிரிச்சுப் பாத்து, ஆமா இது யூஐடி 1042தான்னு சொல்லிடும். கிளஸ்டர் முழுக்க ஒரே கீ, எல்லா நோடுலயும் அதே ஃபைல்தான். சீட்டோட ஆயுள் சாதாரணமா 300 செகண்டு, ஒரு தடவ யூஸ் பண்ண சீட்ட அதே நோடுல திரும்ப நீட்டினா எடுத்துக்காது. நல்ல டிசைன், அதுல எனக்கு குறையே இல்ல.

ஆனா அது ஒரு விஷயத்த நம்பி நிக்குது, அந்த கீ இருக்கற எல்லா மெஷின்லயும் ரூட் அட்மின் கையில மட்டும்தான் இருக்கணும். இத நிறைய பேர் யோசிக்கறதில்ல. கீ இருக்கற ஒரு மெஷின்ல ஒருத்தருக்கு ரூட் இருந்தா அவர் அந்த மெஷினுக்குள்ள எந்த யூஐடியா வேணாலும் மாறிக்கலாம், கெர்னல் மன்ஜ்கிட்ட அந்த யூஐடியத்தான் சொல்லும், மன்ஜ் நேர்மையா அத எழுதி கொடுக்கும், கன்ட்ரோலரும் நம்பும். பாஸ்வேர்டு திருட வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம். ப்ரொஃபசர் பேர்ல ஜாப் போட்டு அவரோட ஃபைல் எல்லாத்தையும் காப்பி பண்ணிக்கலாம். ரூட் பேர்லயே கூட போடலாம், ஏன்னா ஸ்லர்ம்ல ரூட் ஜாப தடுக்கற செட்டிங் நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் ஆஃப்லதான் இருக்கும்.

இது எனக்கு நேராவே நடந்தது. முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு ஆராய்ச்சி மாணவர், லாகின் நோடு ஸ்லோவா இருக்கு சார் என் லேப்டாப்புல இருந்தே ஜாப் போடற மாதிரி செஞ்சு கொடுங்கன்னு கேட்டார். நல்ல பையன், வேலைல கெட்டிக்காரன். அப்போ இருந்த டீம்ல ஒருத்தர் ஸ்லர்ம் கிளையன்ட்டையும் மன்ஜ் கீயையும் அவர் லேப்டாப்புல போட்டு கொடுத்துட்டார். ஒண்ணு ரெண்டாச்சு ரெண்டு அஞ்சாச்சு. அதுல ஒருத்தர் தன் சாஃப்ட்வேர கன்டெய்னர் இமேஜா (தேவையான ஃபைல் எல்லாம் சேத்த ஒரே பொட்டலமா) பில்ட் பண்ணும்போது கீயும் அதுக்குள்ள போயிடுச்சு, அந்த இமேஜ் டிபார்ட்மென்ட் முழுக்க சுத்துச்சு. ஒரு நாள் ஒரு மேடம் வந்து, நான் லீவுல இருந்தப்போ என் பேர்ல ராத்திரி நாலு ஜாப் ஓடியிருக்கே எப்படின்னு கேட்டாங்க. லாக பாத்தா எல்லாம் ஒழுங்கா ஆத்தென்டிகேட் ஆன (ஆள் யாருன்னு சரிபாத்து ஒத்துக்கிட்ட) ஜாப்தான், ஒரு எரர் கூட இல்ல. யாரு போட்டதுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. அந்த மேடம் அதுக்கப்புறம் அவங்க டேட்டாவ கிளஸ்டர்ல வெக்கவே இல்ல, அவங்க முகத்த இன்னிக்கும் என்னால மறக்க முடியல.

அதனால கீ ஃபைல மன்ஜ் யூசரத் தவிர வேற யாரும் படிக்க முடியாத மாதிரி பர்மிஷன் வெக்கறது பாதி வேலைதான், மீதி பாதி அந்த ஃபைல் எந்தெந்த மெஷின்ல இருக்குன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கறது. லேப்டாப்புல, கன்டெய்னர் இமேஜ்ல, கோடு சேமிக்கற கிட் ரெப்போல, எல்லாரும் படிக்கக்கூடிய ஷேர்டு ஃபோல்டர்ல, பேக்கப் டேப்புல எல்லாம் தேடிப் பாக்கணும். ஸ்லர்ம் 23.11ல இருந்து மன்ஜ் இல்லாம தன்னோட சொந்த கீ வெச்சே ஆத்தென்டிகேட் பண்ற முறை வந்திருக்கு, லாகின் நோடுக்குன்னு ஒரு சின்ன டீமனும் கூட வருது. நல்ல முன்னேற்றம்தான், ஆனா அதுலயும் கீ யூசர் கைக்கு போனா கதை இதேதான். பிபிஎஸ்ல பழைய வழி 1024க்கு கீழ நம்பர் உள்ள போர்ட்டுல (ரூட் மட்டும் திறக்கக்கூடிய நெட்வொர்க் வாசல்ல) இருந்து வந்தா நம்பறது, தன் மெஷின்ல ரூட் இருக்கறவருக்கு அந்த போர்ட்ட திறக்கறது ஒரு நிமிஷ வேலை, அதனால எந்த ஹோஸ்ட்ல இருந்து ஜாப் வரலாம்னு லிஸ்ட் போட்டு கட்டாயம் தடுக்கணும். ஹெச்டிகாண்டர்காரங்க ரொம்ப வருஷம் எந்த மெஷின்ல இருந்து வருதுன்னு பாத்துதான் அனுமதி கொடுத்துட்டு இருந்தாங்க, 2021ல வந்த 9.0ல இருந்துதான் புதுசா இன்ஸ்டால் பண்ணாலே ஆத்தென்டிகேஷன் கட்டாயம்னு ஆக்கினாங்க. அந்த மாதிரி தொடக்கத்துலயே இறுக்கமா கொடுக்கறதுதான் சரின்னு நான் நெனைக்கறேன்.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், புதுசா செட்டப் பண்றவங்களுக்கு உதவும். திடீர்னு ஒரே ஒரு நோடு மட்டும் ஆத்தென்டிகேஷன் எரர் கொடுத்துச்சுன்னா உடனே கீய மாத்தாதீங்க, முதல்ல கடிகாரத்த பாருங்க. சீட்டுல நேரம் எழுதியிருக்கும், ஒரு நோடோட கடிகாரம் பின்னாடி போயிடுச்சுன்னா இந்த சீட்டு இன்னும் எழுதவே படாத நேரத்துல வந்திருக்கேன்னு அது தள்ளிவிடும், முன்னாடி ஓடிச்சுன்னா காலாவதின்னு சொல்லும். மதர்போர்டு பேட்டரி போன ஒரு நோடுனால ஒரு நாள் முழுக்க நாங்க அலைஞ்சிருக்கோம். அடுத்து யூஐடி, எல்லா நோடுலயும் ஒரே ஆளுக்கு ஒரே நம்பர் இருக்கணும், இல்லன்னா ஒருத்தர் ஜாப் வேற ஒருத்தர் பேர்ல போய் நிக்கும்.

இதெல்லாம் நீ யாருங்கற கேள்விக்கு. நீ என்ன செய்யலாங்கறது வேற கேள்வி, அதான் ஆத்தரைசேஷன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு முதல் பாதியோட நிறுத்திடறவங்கதான் அதிகம்.

ஸ்லர்ம்ல அக்கவுண்டிங் டேட்டாபேஸ் போட்டு, யூசர் பேர் எல்லாம் சேத்து, ப்ராஜெக்ட்வாரியா அக்கவுண்ட் பிரிச்சு அழகா வெச்சிருப்பாங்க. ஆனா கான்ஃபிக் ஃபைல்ல அக்கவுண்டிங்ஸ்டோரேஜ்என்ஃபோர்ஸ்னு ஒரு வரி இருக்கு, அத எழுதலன்னா அந்த டேட்டாபேஸ் வெறும் கணக்கு நோட்டுதான், யாரையும் தடுக்காது. லினக்ஸ்ல ஒரு யூஐடி இருந்தா போதும் ஜாப் போகும். அந்த வரில அசோசியேஷன்ஸ்னு (யாரு எந்த அக்கவுண்ட்ல சேந்தவர்ங்கற பதிவு) போட்டாதான் டேட்டாபேஸ்ல பேர் இல்லாதவங்கள நிறுத்தும், லிமிட்ஸ் போட்டாதான் அளவ பாக்கும், க்யூஓஎஸ் (முன்னுரிமையும் வரம்பும் சேந்த ஒரு வகை) போட்டாதான் அவருக்கு அந்த க்யூஓஎஸ் கொடுத்திருக்கான்னு பாக்கும். ப்ராஜெக்ட் முடிஞ்சு போனவங்களோட லாகின எடுக்க மறந்துட்டாக்கூட அசோசியேஷன எடுத்துட்டா புதுசா ஜாப் போட முடியாது, இப்படி ரெண்டு பூட்டு இருக்கறது நல்லது. பார்ட்டிஷனுக்கும் (நோடுகளோட ஒரு பிரிவு) எந்த குரூப் எந்த அக்கவுண்ட் உள்ள வரலாம்னு எழுதலாம், ஜிபியு நோடு இருக்கற பார்ட்டிஷனுக்கு இத எழுதாம விட்டுட்டு அப்புறம் சண்டைய தீத்து வெக்கறதுலயே எங்க பாதி நேரம் போயிருக்கு.

அட்மின் லெவல பத்தியும் சொல்லணும். ஆபரேட்டர், அட்மினிஸ்ட்ரேட்டர்னு ரெண்டு படி இருக்கு, அப்புறம் ஒரு அக்கவுண்டுக்கு மட்டும் பொறுப்பா கோஆர்டினேட்டர்னு ஒருத்தர வெக்கலாம், தன் குரூப் ஆளுங்கள அவரே சேத்துப்பார். நல்ல வசதி, நாங்களும் தாராளமா கொடுத்தோம். 2025 மே மாசம் ஸ்லர்ம் பண்றவங்களே ஒரு ஓட்டைய அறிவிச்சாங்க, அதோட பொது அடையாள நம்பர் சிவிஇ-2025-43904, கோஆர்டினேட்டரா இருக்கறவர் ஒரு யூசர அட்மினிஸ்ட்ரேட்டராவே உயர்த்திட முடியும்னு. 24.11.5, 24.05.8, 23.11.11 இந்த வெர்ஷன்கள்ல சரி பண்ணாங்க. 2022 மே மாசம் வந்தது இன்னும் மோசம், சாதாரண யூசர் ஷெட்யூலரோட சொந்த யூசராவே நடிச்சு அதுவழியா ரூட்டா ஓட்ட முடியற ஓட்டை, 21.08.8லயும் 20.11.9லயும்தான் அடைச்சாங்க. நீங்க எவ்வளவு ஒழுங்கா கான்ஃபிக் எழுதினாலும் பழைய வெர்ஷன்ல உக்காந்திருந்தா அந்த ஒழுங்குக்கு பலன் இல்லங்க.

இப்போ எல்லாருக்கும் வெப் போர்ட்டல் வேணும், ப்ரவுசர்ல இருந்தே ஜாப் போடணும். அதுக்கு ஸ்லர்ம்ல ஜேடபிள்யூடி டோக்கன், அதாவது கையெழுத்து போட்ட தற்காலிக அனுமதிச் சீட்டு, இருக்கு. என்ன கேட்டா லேப்டாப்புல இருந்து ஜாப் வேணுங்கறவங்களுக்கும் இதுதான் வழி, கிளஸ்டர் கீய கொடுக்காம அவருக்கு மட்டும் உண்டான டோக்கன கொடுக்கறது. சும்மா கேட்டா 1800 செகண்டுக்கு உயிரோட இருக்கற டோக்கன் கொடுக்கும், அது தொலைஞ்சாலும் அந்த ஒருத்தரோட பேருதான் அரை மணி நேரம் ஆபத்துல இருக்கும். ஆனா தொந்தரவா இருக்குன்னு ஒரு வருஷ டோக்கன் போட்டு ஸ்க்ரிப்ட்ல ஒட்டி வெக்கறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, கொடுத்த டோக்கன தனியா ரத்து பண்ண வழி கிடையாது, அதுக்கு கையெழுத்து போடற கீயவே மாத்தணும், மாத்தினா எல்லாரோட டோக்கனும் போகும். இந்த வெப் ரெக்வெஸ்ட வாங்கற ரெஸ்ட் சர்வீஸ ரூட்டாவோ ஸ்லர்ம் யூசராவோ ஓட்டவும் கூடாது.

இன்னொரு சின்ன செட்டிங், ப்ரைவேட்டேட்டா. இத எழுதலன்னா யாரு என்ன ஜாப் ஓட்டறாங்கன்னு எல்லாரும் பாக்கலாம். ஜாப் பேருலதான என்ன இருக்குன்னு கேப்பாங்க. மருத்துவ ஆராய்ச்சி பண்றவங்க நோயாளியோட ஐடிய ஜாப் பேரா வெச்சத நான் கண்ணால பாத்திருக்கேன், அது க்யூல நாள் முழுக்க எல்லார் ஸ்க்ரீன்லயும் ஓடிட்டு இருந்துச்சு. அதே மாதிரி, ஜாப் ஓடாத நோடுக்குள்ள நேரா எஸ்எஸ்ஹெச் பண்ணி (தூரத்துல இருந்து லாகின் பண்ணி) போறத பேம் மாட்யூல் (லினக்ஸோட லாகின் சோதனைப் பகுதி) வெச்சு தடுக்கலாம், அந்த நோடுல உங்க ஜாப் ஓடினா மட்டும் உள்ள விடும்.

யாரு நம்ம கிளஸ்டர தேடி வரப்போறாங்கன்னு மீட்டிங்ல கேக்கறாங்க. வந்திருக்காங்க. 2020 மே மாசம் எடின்பரோல இருந்த ஆர்ச்சர் சூப்பர் கம்ப்யூட்டர மூட வேண்டி வந்துச்சு, அதே சமயத்துல ஜெர்மனிலயும் பல சென்டர்கள் மூடினாங்க, யூசர்களோட எஸ்எஸ்ஹெச் லாகின் திருடுபோயிருந்தது. நிறைய மெஷின்ல ஏஐ வேலைகள ஓட்டற ரே ஃப்ரேம்வொர்க்ல ஜாப் அனுப்பற வாசல்ல ஆத்தென்டிகேஷனே இல்லாம, அத இன்டர்நெட்ல திறந்து வெச்சிருந்தவங்களோட மெஷின்கள்ல வெளியாளுங்க காயின் மைனிங் ஓட்டினத 2024 மார்ச்ல ஆராய்ச்சியாளர்கள் வெளிய சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே பெரிய டேட்டாவ அலசற ஹடூப்போட ஷெட்யூலர் யார்னோட 8088 போர்ட்ட திறந்து வெச்சவங்களுக்கும் இதேதான் நடந்துச்சு. ஷெட்யூலரோட வேலையே அடுத்தவர் கொடுக்கற ப்ரோக்ராம எடுத்து ஓட்டறது, அதனால அதுக்கு பூட்டு இல்லன்னா வர்றவங்களுக்கு வேற ஓட்டை எதுவும் தேவையில்ல.

கடைசியா, உங்க பேப்பர படிக்கற டிபார்ட்மென்ட் தலைவர்களுக்கும் டைரக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த மேடம் விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே கீய மாத்தணும்னு நான் கேட்டேன். எல்லா நோடுலயும் ஒரே நேரத்துல மாத்தணும், சர்வீஸ் எல்லாம் நிறுத்தி திரும்ப எழுப்பணும், அதுக்கு ஒரு அரை நாள் கிளஸ்டர நிறுத்தி கொடுங்கன்னேன். டெட்லைன் இருக்கு, கான்ஃபரன்ஸ் இருக்கு, ஜாப் ஓடிக்கிட்டு இருக்குன்னு ஏழு வாரம் தள்ளினாங்க. அந்த ஏழு வாரமும் வெளிய போன கீ அப்படியே வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நானும் தினமும் ராத்திரி ஜாப் லிஸ்ட பாத்துட்டுதான் தூங்கப் போனேன். ஸ்லர்மோட சொந்த கீ முறைல பழைய கீயையும் புது கீயையும் கொஞ்ச நாள் சேத்து வெச்சு மாத்திக்க இப்போ வழி இருக்கு, மன்ஜ் வெச்சிருக்கறவங்களுக்கு நிறுத்திதான் ஆகணும். உங்க அட்மின் வந்து அந்த அரை நாள கேட்டா, அந்த வாரமே கொடுத்துடுங்க.

இப்படிக்கு,
கிளஸ்டர் பாத்துக்கற ஒரு வாசகர்