கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு மின்சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கல்விப் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரிகளுக்காக வரும் கட்டுரைகள் நேர்காணல், சான்றிதழ், மென்பொருள் வேலை என்றே போகின்றன. அவையும் வேண்டும்தான். ஆனால் வேலை தேடும் அலைச்சலில், படித்த பாடத்தின் மீதே பிடிப்பு விட்டுப்போனவர்களும் இருக்கிறோம். எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

சென்ற ஆண்டு பட்டம் வாங்கினேன். தேர்வுக்காகச் சமன்பாடுகளை எழுதி எழுதி, சுற்று வரைபடத்தைப் பார்த்தாலே அலுப்பு தட்டிய காலம் உண்டு. பழைய ஆசையைத் திருப்பித் தந்தது, நேரக் கணக்கோடு மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சிறிய சில்லான 555 டைமர் ஐ.சி. பற்றவைக்காமலே பாகங்களைச் செருகும் பலகையான பிரெட்போர்டில் அதைச் செருகி, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. சேர்த்தேன். கெப்பாசிட்டர் இவ்வளவு பெரிதாக இருந்தால் எல்லாம் மெதுவாக நடக்கும்; மல்டிமீட்டரிலேயே பின்தொடரலாம். 5 வோல்ட் கொடுத்தபோது கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் மெல்ல ஏறி 3.3 வோல்ட்டைத் தொட்டது, எல்.இ.டி. அணைந்தது. பிறகு இறங்கி 1.7 வோல்ட்டுக்கு வந்ததும் மறுபடி எரிந்தது. 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றினேன். எல்லைகள் 6, 3 என்று மாறின. மினுக்கும் வேகம் மாறவில்லை!

ஐ.சி.க்குள் இருக்கும் மூன்று சம ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. பேட்டரி உயர்ந்தால் எல்லைகளும் அதே விகிதத்தில் உயரும், அதனால் நேரம் மாறாது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்தான் இது. மீட்டரில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. 1971இல் இதை வடிவமைத்த ஹான்ஸ் கமன்சிண்ட் முதலில் ஒன்பது கால்களோடுதான் (இணைப்பு முனைகளோடுதான்) திட்டமிட்டார். உள்ளே மாறா மின்னோட்ட மூலம் (எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும் பகுதி) எதற்கு, வெளியே ஒரு ரெசிஸ்டரே போதுமே என்று பிறகு தோன்ற, எட்டுக் கால்களில் அடக்கிவிட்டார். வடிவமைப்பு என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கணக்குப்படி ஒரு சுழற்சிக்கு ஒன்பதரை வினாடி. கடிகாரத்தில் பதினொன்றை நெருங்கியது. நான் பயன்படுத்தியது போன்ற மின்பகு கெப்பாசிட்டரின் மதிப்பில் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது சாதாரணம். கணினியில் செய்யும் சிமுலேஷனில், நாமாகச் சொல்லிக் கொடுத்தாலொழிய இது தெரியவராது. தாளில் போட்ட கணக்குக்கும் மேசையில் வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் துரத்திப் போகும்போதுதான் பாடம் திரும்ப உயிர் பெறுகிறது. ரெடிமேட் போர்டில் யாரோ எழுதிய புரோகிராமை ஏற்றி விளக்கை மினுக்க வைக்கும்போது, அது ஏன் மினுக்குகிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

எனவே வாரம் ஒரு சிறிய சுற்றைத் தங்கள் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். பாகங்களின் மதிப்பு, எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வர வேண்டும், வாசகரே சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி, இவை போதும். உதாரணத்துக்கு, ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கியில் டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துச் சூடாக்கினால் அதன் கலெக்டர் என்ற காலின் வோல்டேஜ் எந்தப் பக்கம் நகரும்? எமிட்டர் என்ற காலில் ரெசிஸ்டர் சேர்த்த பிறகு அந்த நகர்வு ஏன் குறைகிறது? விடையை அடுத்த வாரம் தரலாம்.

முதல் சில சுற்றுகளை நானே கட்டி, அளந்து, எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி